தெய்வ மன்னர்களும் தீவு மக்களும்



இக்காலத்து இளைஞர் பலர் கணினியில் ஆடும் கற்பனை விளையாட்டுகளில் ஒரு காட்சி அடிக்கடி வருவதுண்டு. நடுக்கடலில் ஒரு தீவு. அதில் கல்லாலான ஒரு பெருங்கோயில். அங்கே மனிதனாகப் பிறந்தும் தெய்வமாக வணங்கப்படும் ஒரு மன்னன். இவ்வுலகங்களைப் படைப்போர் வெறும் கற்பனையிலிருந்தே இவற்றை எடுத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டா. பசிபிக் மாகடலின் தீவுகளில் இத்தகைய மன்னர்கள் உண்மையாகவே ஆண்டார்கள். அவர்களைப் பற்றிய கதைகளை அத்தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகப் போற்றி வந்திருக்கிறார்கள்.

அக்கதைகளைக் கேட்கும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஒருவனைத் தெய்வம் என்று ஏற்றுக்கொண்ட மக்கள், அவன் கொடுமை செய்தால் என் செய்வார்கள்? மனிதனை எதிர்த்துப் போராடலாம். தெய்வத்தை எதிர்ப்பது எவ்வாறு? டோங்கா, போன்பேய், ஹவாய் ஆகிய மூன்று இடங்களின் வரலாற்றைக் கொண்டு இதற்கு விடை காண முயல்வோம்.

முதலில் அம்மக்களின் வாழ்க்கைச் சூழலைச் சற்றே மனக்கண்ணால் காண வேண்டும். திசைகாட்டும் கருவியும் இரும்பும் இல்லாமல், விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பறவைகளின் வழியையும் கொண்டே மாகடலைக் கடந்து குடியேறியவர்கள் அவர்கள். படகில் ஏற்றி வந்த சேப்பங்கிழங்கையும் வாழைக்கன்றையும் ஈரப்பலாவையும் புதிய மண்ணில் ஊன்றினார்கள். தீவோ சிறிது. ஒரு சூறாவளி வந்தால் ஓராண்டு உணவு போய்விடும். எந்த நிலத்தை யார் உழுவது, எந்த ஓடையின் நீர் யாருக்குப் பாய்வது, எந்தப் பருவத்தில் எந்த மீனைப் பிடிக்காமல் விடுவது என்பவற்றை ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டு நடந்தாக வேண்டும். அவ்வாறு சொல்லுகிறவனுடைய சொல்லுக்கு வலிமை எங்கிருந்து வரும்? அவன் முன்னோருக்கு முன்னோர் தெய்வம் என்னும் வமிசாவளியிலிருந்து வந்தது. அந்த வலிமையை அவர்கள் 'மனா' என்றார்கள். அதைச் சூழ்ந்து நின்ற விலக்குகளை டோங்காவில் 'தபு' என்றும் ஹவாயில் 'கபு' என்றும் வழங்கினார்கள். 1777ஆம் ஆண்டில் டோங்காவிற்குச் சென்ற கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் அச்சொல்லைக் கேட்டு எழுதி வைத்தார். அவர் வழியாகவே அது ஆங்கில மொழியிலும் புகுந்தது.

டோங்காவின் முதல் தெய்வ மன்னனைப் பற்றிய கதை இது. வானுலகத் தேவனான தங்கலோவா, மண்ணுலகிற்கு இறங்கி வந்து ஒரு பெண்ணை மணந்தான். பின்பு விண்ணுக்குத் திரும்பிவிட்டான். அவளுக்குப் பிறந்த அஹோயெய்து வளர்ந்தபின், தந்தையைத் தேடி ஒரு மரத்தின் வழியே வானத்திற்கு ஏறினான். அம்மரம் வேறொன்றுமன்று; நம் கடற்கரைகளிலும் நிற்கும் சவுக்கு மரமே. வானுலகில் அவனுக்கு வேறு தாய் வயிற்றுத் தமையன்மார் இருந்தனர். இளைஞனின் அழகையும் தந்தை அவனிடம் காட்டிய அன்பையும் கண்டு பொறாமை கொண்டு, அவர்கள் அவனைக் கொன்று தின்றுவிட்டார்கள். தந்தை அதை அறிந்தான். அவர்கள் எல்லாரையும் ஒரு மரத் தொட்டியில் கக்கச் செய்தான். எலும்பையும் தலையையும் தேடிக் கொணர்ந்து அதிலிட்டு, மூலிகை இலைகளால் மூடி வைத்தான். விடியும்போது அஹோயெய்து உயிருடன் எழுந்து உட்கார்ந்தான். "நீ மண்ணுலகிற்குச் சென்று டோங்காவை ஆளுக, உன்னைத் தின்றவர்கள் உனக்குப் பணியாளராக உடன் வருக" என்று தந்தை ஆணையிட்டான். அன்று தொடங்கிய மரபே 'துயி டோங்கா' என்னும் அரசமரபு. பத்தாம் நூற்றாண்டில் அது தோன்றியிருக்கலாம் என்பர்.

இக்கதையை மன்னனின் புகழ்ச்சியாக மட்டும் கொள்வது போதாது. மன்னனைச் சுற்றி நின்று பணிபுரிவோர் யார்? ஒருகாலத்தில் அவனைக் கொன்றவர்கள்! அரியணையின் அருகில் எப்போதும் பகை நிற்கிறது என்பதைக் கதை தொடக்கத்திலேயே சொல்லி வைத்தது. வரலாறும் அதை மெய்ப்பித்தது. பதினோராவது துயி டோங்காவின் பெயர் துயிதாதுயி. 'முழங்காலை அடிக்கும் மன்னன்' என்பது அதன் பொருளாகச் சொல்லப்படுகிறது. முதுகிற்குப் பின்னால் எவரும் வந்து தாக்காதபடி ஒரு பெருங்கல்லில் சாய்ந்து அமர்ந்து, அளவுக்கு மேல் நெருங்கி வருவோரின் முழங்காலை நீண்ட கோலால் அடிப்பானாம். தெய்வத்தின் வழித்தோன்றல்தான், ஆயினும் முதுகைக் காக்க அவனுக்கு ஒரு கல் வேண்டியிருந்தது. அவன் காலத்தது என்று கூறப்படும் ஹாமோங்கா என்னும் வாயில் இன்றும் நிற்கிறது. இரண்டு பவழப்பாறைத் தூண்கள். அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல். உயரம் ஏறத்தாழ 5 மீட்டர். தூண்கள் இரண்டும் அவன் மைந்தர் இருவரைக் குறிக்கும் என்றும், அவர்கள் தம்முள் பகைக்காமல் இருக்கவே மேற்கல்லால் பிணைத்தான் என்றும் கூறுவர்.

அந்த அச்சம் வீணானதன்று. 23ஆவது துயி டோங்காவாகிய தகலாவுவா கொலையுண்டான். அவன் மகன் கொலைஞரைத் தீவு தீவாகத் துரத்திப் பிடித்தான். பின்னர் ஒன்று செய்தான். நாட்டை ஆளும் பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, தெய்வத்தன்மையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டான். இது பதினைந்தாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. வணங்கப்படுகிறவன் ஒருவன், ஆளுகிறவன் மற்றொருவன் என்று ஆயிற்று. கடைசித் துயி டோங்கா 1865இல் மறைந்தார். டோங்காவின் பழைய மன்னர்கள் அடக்கமான கல்லறை மேடைகளுக்கு 'லங்கி' என்று பெயர். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு வானம் என்று பொருள். வானத்திலிருந்து வந்தவர்கள் மீண்டும் வானத்துக்கே சென்றார்கள். ஆட்சி மண்ணில் வேறு கைகளுக்குப் போயிற்று.

டோங்காவிலிருந்து வடமேற்கே, நிலநடுக்கோட்டையும் கடந்து நெடுந்தொலைவு சென்றால் போன்பேய்த் தீவை அடையலாம். அதன் கிழக்குக் கரையோரத்தில், ஆழமற்ற கடற்பாறைத் திட்டின்மேல், மனிதர் கட்டிய ஏறத்தாழ நூறு சிறு தீவுகளைக் கொண்ட நான் மடோல் என்னும் பாழ்நகர் கிடக்கிறது. எரிமலைக் குழம்பு உறைந்து இயற்கையாகவே தூண்வடிவில் பிளந்த கருங்கற்களை, விறகு அடுக்குவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மதில் எழுப்பியிருக்கிறார்கள். மன்னர்களை அடக்கம் செய்த தீவின் மதில் ஏழு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் அந்த அடக்க மாடம் எழுந்துவிட்டது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். 2016இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இரட்டையரான இரு மந்திரவாதிகள் மேற்கிலிருந்து படகில் வந்தார்கள். தெய்வத்திற்குப் பலிபீடம் அமைக்க இடம் தேடினார்கள். மந்திர வலிமையால் கற்களைப் பறக்கவிட்டு நகரை எழுப்பினார்கள் என்கிறது கதை. அவர்களில் எஞ்சிய ஒருவனிடமிருந்து சவுதலூர் என்னும் அரசமரபு தோன்றிற்று. கல் பறந்ததோ இல்லையோ, ஒன்று உறுதி. அந்நகரில் குடிநீர் இல்லை, விளைநிலமும் இல்லை. மன்னன் உண்ணும் ஒவ்வொரு கிழங்கும், அருந்தும் ஒவ்வொரு குடம் நீரும் பெருந்தீவிலிருந்து குடிமக்கள் படகில் கொண்டுவர வேண்டியவை. எல்லார்க்கும் மேலே வாழ்ந்தவன், எல்லாவற்றிற்கும் பிறர் கையையே நம்பி வாழ்ந்தான்.

சவுதலூர் மன்னர்கள் நாளடைவில் அளவிறந்த திறை கேட்டனர் என்றும், மக்கள் தம் உழைப்பின் பயனைத் தாமே உண்ண இயலாமல் வாடினர் என்றும் கதைகள் கூறும். அதனோடு நிற்காமல், கடைசி மன்னன் இடியின் தேவனையே அவமதித்துச் சிறையிட்டான். இத்தேவன் தப்பி வேற்று நாடு சென்றான். அங்கே ஒரு மூதாட்டிக்குப் புளிப்புக் கனி ஒன்றைத் தந்தான். அதன் வலிமையால் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனே இசோகெலெகெல். அவன் 333 பேருடன் கடல் கடந்து வந்து சவுதலூரை வென்றான். தோற்ற மன்னன் ஓடி ஒளிந்து, ஓர் ஆற்றில் சிறு மீனாக மாறிவிட்டானாம்.

தெய்வத்தை எதிர்ப்பது எவ்வாறு என்று முன்னே கேட்டோம் அல்லவா? போன்பேய் மக்கள் சொன்ன விடை இது. தெய்வமே கொடுங்கோலனைக் கைவிட்டு மறுபக்கம் சென்றுவிடும். வெற்றிக்குப் பின் வந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். நாடு ஒருவன் கையில் மட்டும் விடப்படவில்லை. புனிதத் தலைவர் ஒருவரும், மக்களிடையே பேசி நடத்தும் தலைவர் ஒருவருமாக இருவர் வைக்கப்பட்டனர். அப்பட்டங்கள் இன்றும் அங்கே வழங்குகின்றன. முதற்பருவத்து ஈரப்பலாவையும் வள்ளிக்கிழங்கையும் மக்கள் தலைவருக்குப் படைக்கிறார்கள். படைத்தது விருந்தாகப் பங்கிடப்பட்டு மக்களிடமே திரும்பி வருகிறது.

இனி ஹவாய்க்கு வருவோம். தெய்வ மன்னர் என்னும் எண்ணம் இங்கே அடைந்த கடுமையை வேறெங்கும் காண்பது அரிது. மிக உயர்ந்த குலத்தலைவர் வரும்போது குடிமக்கள் தரையில் முகம் படும்படி விழ வேண்டும். அவர் நிழலை மிதிப்பதும் குற்றம், தண்டனை மரணம். தம்மால் பிறர்க்குத் துன்பம் நேருமே என்று அஞ்சி, மிக உயர்ந்த பிறப்புடைய சிலர் இரவில் மட்டுமே வெளியே செல்வர் என்றும் குறிப்புகள் உண்டு. உணவிலும் விலக்கு உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணலாகாது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழை வகைகள் ஆகியவை பெண்களுக்கு ஆகா. உயர்குலச் சிறுமி ஒருத்தி ஆசையால் வாழைப்பழம் தின்றாள் என்றும், அவள் குலத்தின் உயர்வு கருதி அவளை விடுத்து, பழத்தைக் கொண்டுவந்து கொடுத்த வேலைக்காரச் சிறுவனைக் கொன்றார்கள் என்றும் சொல்லப்படுகிறது. விலக்கை மீறியவர் ஒருவர். உயிர் கொடுத்தவர் மற்றொருவர்.

ஆயினும் ஹவாயின் மரபு மன்னனைக் கட்டின்றி விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் மகாஹிகி என்னும் பெருவிழா நான்கு மாதம் நடக்கும். மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வமாகிய லோனோவின் காலம் அது. போர் கூடாது. விழாவின் முடிவில் மன்னன் படகிலிருந்து கரையில் இறங்குவான். அங்கே ஈட்டி ஏந்திய வீரர் காத்து நிற்பர். ஈட்டிகள் அவன்மேல் எறியப்படும். ஒன்றின் முனை அவன் உடலைத் தொடும். அதைத் தாங்கி நின்றபின்னரே அவன் மீண்டும் ஆட்சியை ஏற்பான். ஆண்டுக்கு ஒருமுறை மன்னன் தன் தகுதியை ஈட்டிமுனையில் காட்டவேண்டியிருந்தது.

தவறிய மன்னர்களைப் பற்றிய கதைகளும் உண்டு. ஹவாய்த் தீவின் தென்பகுதியான காவூவில் ஹலாயெயா என்றொரு தலைவன் இருந்தான். மீனவர் கரை திரும்பும்போதெல்லாம் எதிரே படகில் சென்று, "மீன் எனக்கு" என்று கேட்டு அனைத்தையும் வாரிக்கொள்வான். அவனும் அவன் ஆட்களும் தின்று, மிச்சத்தைப் பாழாக்குவார்கள். மீனவர் பிள்ளைகளுக்கு ஒன்றும் எஞ்சாது. ஒருநாள் மீனவர்கள் எல்லாரும் கூடிப் பேசிக் கடலுக்குச் சென்றார்கள்; படகுகள் நிறைய மீன் பிடித்தார்கள். வழக்கம்போல் எதிரே வந்தவனுடைய படகில் மீனைக் கொட்டத் தொடங்கினார்கள். ஒரு படகு கொட்டி விலகும். மறுபடகு வந்து கொட்டும். படகு நிறைந்தது. "போதும், போதும்" என்று கத்தினான். அவர்கள் நிறுத்தவில்லை. மீனின் சுமையால் படகு அமிழ்ந்தது, அவனும் அமிழ்ந்தான். ஒருவரும் அவன்மேல் கை வைக்கவில்லை. கேட்டதைக் கொடுத்தார்கள், அவ்வளவே! காவூ மக்கள் இக்கதையைப் பெருமையுடன் சொல்லி வந்தார்கள். அடுத்து வரும் தலைவனின் காதிலும் அது விழும் அல்லவா?

குக் அவர்களின் முடிவும் இந்த ஹவாயிலேதான் நேர்ந்தது. 1779 ஜனவரியில், மகாஹிகிக் காலத்தில், அவர் கேயலாகேகுவா விரிகுடாவில் இறங்கினார். பூசாரிகள் அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று சிறப்புச் செய்தார்கள். பிப்ரவரி 14இல் அங்கேயே அவர் கொல்லப்பட்டார். மக்கள் அவரை லோனோ தெய்வமாகவே கொண்டனர் என்று அமெரிக்க அறிஞர் மார்ஷல் சாலின்ஸ் எழுதினார். இலங்கையில் பிறந்த மானிடவியல் அறிஞர் கணநாத ஒபேசேகர 1992இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். வெள்ளையரைத் தெய்வமாகக் கண்டு மயங்கினார்கள் என்பது ஐரோப்பியர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட கதை என்பது அவர் வாதம். இவ்விவாதம் மாணவர்க்கு ஒரு நல்ல பாடம். ஒரு மக்கள் எதை நம்பினார்கள் என்று எழுதும்போது, அதை எழுதுகிறவர் யார் என்பதையும் உடன் கேட்க வேண்டும்.

தீவுகளை ஒன்றாக்கிய பேரரசர் காமேஹாமேஹா 1819 மே மாதத்தில் மறைந்தார். இளைஞரான அவர் மகன் லிஹோலிஹோ அரசரானார். மறைந்த மன்னரின் அன்புக்குரிய அரசி காஹுமானு, ஆட்சியில் தமக்கும் பங்குண்டு என்று அறிவித்தார். உணவு விலக்கை நீக்க வேண்டும் என்று முதலில் முனைந்தவர்கள் பெண்களே. லிஹோலிஹோவின் தாய் கேயோபுவோலானி, பிறப்பின் உயர்வால் தம் கணவரையும் விஞ்சியவர். எவர் முன்னும் மக்கள் விழுந்து வணங்கினார்களோ அவர்தம் முதல் வரிசையில் நின்றவர். அவரே தம் இளைய மகனுடன் அமர்ந்து உண்டு விலக்கை மீறினார். நவம்பரில் கைலுவாவில் ஒரு விருந்து நடந்தது. ஆண்களுக்கு ஒரு புறம், பெண்களுக்கு மறுபுறம் உணவு பரிமாறப்பட்டிருந்தது. இளமன்னர் சற்றுநேரம் சுற்றிச் சுற்றி நடந்தார். பின்பு பெண்களின் பந்தியில் போய் அமர்ந்து உண்ணத் தொடங்கினார். கூடியிருந்தோர் மூச்சடங்கி நின்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. கோயில்களை அழிக்க ஆணை பிறந்தது. தலைமைப் பூசாரி ஹேவாஹேவாவே அதற்கு உடன்பட்டு முன்னின்றார்.

கிறிஸ்தவ பாதிரிமார் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1820இல். அவர்கள் வருமுன்பே இது நடந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். நாற்பது ஆண்டுகளாக வந்துபோன மாலுமிகள் விலக்குகளை மீறியும் தெய்வதண்டனைக்கு ஆளாகவில்லை என்பதை மக்கள் கண்டிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த நோய்களோ விலக்குகளைத் தவறாமல் காத்தோரையும் கொன்றன. நம்பிக்கை உள்ளேயே தேய்ந்து போயிருந்தது.

எல்லாரும் மகிழ்ந்தனர் என்று எண்ண வேண்டா. போர்த் தெய்வத்தின் காவலைப் பெற்றிருந்த மன்னரின் உறவினர் கேகுவாவோகலானி, பழைய நெறிக்காக வாளெடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் குவாமோவோ என்னுமிடத்தில் போர் மூண்டது. அவர் வீழ்ந்தார். அவர் அருகிலேயே நின்று போரிட்ட மனைவி மனோனோவும் வீழ்ந்தார். எந்த நெறி பெண்ணைத் தனியே உண்ண வைத்ததோ, அந்த நெறிக்காக ஒரு பெண் உயிர் கொடுத்தார். வரலாறு நம் கணக்கிற்கு எளிதில் அடங்குவதில்லை.

பின்வந்த காலமும் அவ்வாறே. விலக்கு நீங்கிய நாட்டில் அயலவர் நிலம் வாங்கினர். கரும்புத் தோட்டம் போட்டனர். 1893இல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சியை அயல்நாட்டு வணிகரும் அவர் துணைவரும் கவிழ்த்தனர். 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டன. மன்னனாகிய தெய்வத்தை மக்கள் தாமே நீக்கினார்கள். ஆனால் அந்த இடத்தில் வந்து அமர்ந்த செல்வத்தை அடக்க அவர்களிடம் ஹலாயெயாவின் கதைபோல் ஒரு கதை அப்போது இல்லை.

கதை அதோடு முடிந்ததா? இல்லை. கஹோவோலவே என்னும் சிறு தீவை அமெரிக்கக் கடற்படை 1941 முதல் குண்டு வீசிப் பழகும் இடமாக வைத்திருந்தது. 1976 முதல் ஹவாய் இளைஞர்கள் அங்கே சென்று இறங்கி, அதை மீட்கப் போராடினார்கள். 1982இல் அந்தக் காய்ந்த மண்ணில் மகாஹிகி விழாவை மீண்டும் எடுத்தார்கள். மழை தருமாறும் மண்ணைப் பசுமையாக்குமாறும் லோனோவை வேண்டினார்கள். 1990இல் குண்டுவீச்சு நின்றது. அவ்விழாவில் காலில் விழுந்து வணங்க மன்னர் இல்லை. நிழலை மிதித்ததற்காகக் கொல்வாரும் இல்லை. நூற்றாண்டுகளாக மன்னனைத் தாங்கி நின்ற தெய்வம், இப்போது மக்களின் மண்ணைத் தாங்க அழைக்கப்பட்டது.

மாணவ நண்பர்களே! தெய்வ மன்னன் கதைகளை இனி நீங்கள் படிக்கும்போது, அல்லது விளையாட்டில் காணும்போது, மன்னனின் மாளிகையைப் பார்த்து வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அங்கே குடிநீரைக் கொண்டுவந்தவர் யார் என்று கேளுங்கள். எறிந்த ஈட்டியைத் தாங்கி நின்றானா என்று கேளுங்கள். அவன் "போதும்" என்று கத்தும்வரை மீனைக் கொட்டிய கைகளை எண்ணிப் பாருங்கள். மன்னனை வானத்திற்கு உயர்த்திய கதையைச் சொன்னவர்கள் மக்களே. அவன் இறங்கிவர ஓர் ஏணியையும் அக்கதையிலேயே சாத்தி வைத்தவர்களும் அவர்களே.